அம்மா பார்த்த பாரிஸ்

மதியச் சாப்பாடு 15 சூ. முதலில் ஒரு சூப் வரும். ஏதேதோ தழைகளைப் போட்டுக் கொதிக்க வைத்தது. வாயில் வைக்கப் பிடிக்காது. அடுத்து ஒரு துண்டு இறைச்சி, அதுவும் மட்டம். மூன்றாவதாக, அழுக்குக் கலரில் குழம்பு ஊற்றிய கன்றுக்குட்டிக் கால். இல்லாவிட்டால் கல் மாதிரி ஒரு ஈரல். 'சாப்பாடு அபாரம்' என்று கிண்டலாக ஆரம்பித்துத்தான் இத்தனையையும் தன் கணவருக்கு எழுதுகிறார் அந்த அம்மாள்.

வருஷம் 1778. மாதம் ஏப்ரல். ஊர், பாரிஸ். எழுதியவர் பெயர் அன்னா மரியா. வயது 57.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மகன் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவீர்கள். மொஸார்ட்! மேற்கத்திய சங்கீதமே நமக்கு ஆகாது என்பவர்கள்கூட டைட்டன் வாட்ச் விளம்பரத்தில் பல வருஷம் அவரைக் கேட்டவர்கள்தான். அவருடைய 25-வது சிம்பொனியிலிருந்து எடுத்த மெட்டு அது.

மொஸார்ட்டின் பாரிஸ் பயணம் பற்றி இசை வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. என்ன இயற்றினார், யாரோடு சண்டை போட்டார், ஏன் வேலை கிடைக்கவில்லை என்று எல்லாம் இருக்கும். அவரோடு கூடவே போய், அவர் வெளியே சுற்றும்போது அறைக்குள் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அதில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். நல்லவேளையாக, அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுதும் வியாதி இருந்தது. அப்பா லியோபோல்ட் ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாத மனிதர். அதனால் அந்த அம்மாளின் பாரிஸும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

சரி, 57 வயதில் அவர் ஏன் பாரிஸுக்குப் போனார்? அவர் போவதாகவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

சால்ஸ்பர்க்கில் ஆர்ச் பிஷப் கொலொரெடோவிடம் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேலை. சம்பளம் சொற்பம், மரியாதை அதைவிடச் சொற்பம். 1777-ல் மகன் வேலையை உதறிவிட்டு, வேறு நல்ல அரண்மனை உத்தியோகம் தேடி ஊர் ஊராகப் போகத் தீர்மானித்தார். அப்பாவுக்கு லீவு மறுக்கப்பட்டது. 21 வயதுப் பையனைத் தனியே அனுப்பவும் மனசில்லை. சங்கீதத்தில் மேதைதான். ஆனால் பணத்தை எண்ணத் தெரியாது, பெட்டி கட்டத் தெரியாது, யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். 'நீ கூடப் போ' என்று மனைவியை அனுப்பினார் லியோபோல்ட்.

செப்டம்பர் 23-ம் தேதி காலையில் வண்டி கிளம்பியது. மூட்டை முடிச்சு ஏற்றுகிற அவசரத்தில் மகனுக்கு ஆசீர்வாதம் செய்ய மறந்துபோனார் அப்பா. மாடிக்கு ஓடி ஜன்னல் வழியே பார்த்தால் வண்டி போய்விட்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தது அன்றோடு சரி.

ம்யூனிக்கில் வேலை இல்லை. ஆக்ஸ்பர்க்கில் கைதட்டல் மட்டும். மன்ஹைமில் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றே குளிர்காலம் முழுக்க ஓட்டினார்கள். அங்கே விறகு விலை தாங்காமல், பேனா பிடிக்க முடியாத அளவு விரல் விறைக்க அன்னா மரியா உட்கார்ந்திருந்தார். திட்டம் என்னவென்றால், வசந்தம் வந்ததும் மகன் மன்ஹைம் இசைக்கலைஞர்களோடு பாரிஸ் போவார், அம்மா ஊர் திரும்பிவிடுவார்.

நடுவில் காதல் புகுந்தது. அலோய்சியா வெபர் என்று ஒரு பாட்டுக்காரப் பெண். பாரிஸாவது ஒன்றாவது, அந்தப் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போகப்போகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினார் மகன். அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, அதே கடிதத்தின் கீழே ரகசியமாக நாலு வரி சேர்த்தார் அம்மா. 'இவனுக்குப் புது ஆட்கள் கிடைத்துவிட்டால் உடம்பையும் உடைமையையும் அவர்களுக்கே கொடுத்துவிடுவான்' என்கிற பொருளில்.

லியோபோல்டுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. ஏற்கெனவே இந்தப் பயணத்துக்காக சுமார் 700 கில்டன் கடன். 'உடனே பாரிஸுக்குக் கிளம்பு' என்று காட்டமாக எழுதினார். இனிமேல் பையனைத் தனியே விடுவதா? முடியாது. அம்மாவும் போகவேண்டும். ஊருக்குத் திரும்பியிருக்கவேண்டியவர், நாலு வரி எழுதிய பாவத்துக்கு எதிர்த்திசையில் வண்டி ஏறினார்.

ஒன்பதரை நாள் பயணம். கடைசி இரண்டு நாள் காற்றும் மழையும் வண்டிக்குள்ளேயே நனைத்தன. மார்ச் 23-ம் தேதி பாரிஸ் வந்து சேர்ந்தார்கள்.

பாரிஸ் அவருக்குப் புது ஊர் இல்லை. பதினாலு வருஷம் முன்னால், 1764 புத்தாண்டு அன்று வெர்சாய் அரண்மனையில் ராஜகுடும்பம் பொதுமக்கள் பார்க்க விருந்து சாப்பிட்டது. குட்டி மொஸார்ட்டுக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. ராணியின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ராணி தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டினார், ஜெர்மனில் பேசினார், அதை ராஜா பதினைந்தாம் லூயிக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். மேஜையின் மறுபக்கம், இளவரசர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருகே மகளோடு நின்றுகொண்டிருந்தார் அன்னா மரியா.

இப்போது 1778-ல் அதே ஊரில் ஒரு அறை. வாசலும் மாடிப்படியும் ஒரு ஆள் ஏறுகிற அகலம். ஜன்னல் திறந்தால் ஒரு சின்ன முற்றம். வெயில் எட்டிப் பார்க்காது. வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. வருகிற கொஞ்ச வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு அன்னா மரியா எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். இதற்கு வாடகை மாதம் 30 லிவ்ர்!

காமர்ஸ் படித்தவனுக்கு எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். ஒரு ஆளின் மதியச் சாப்பாடு மட்டுமே 15 சூ என்றால் மாதத்துக்கு இருபத்திரண்டரை லிவ்ர். அதாவது, அந்தத் தழை சூப்பும் கல் ஈரலும் கிட்டத்தட்ட இன்னொரு வாடகை. போனமுறை வந்தபோது இருந்ததைவிட எல்லாமே பாதிக்குப் பாதி கூடிவிட்டது என்று புலம்புகிறார் அம்மாள். ராத்திரிக்குக் கடைச் சாப்பாடு கிடையாது. கொஞ்சம் கன்றிறைச்சி வாங்கி பேக்கரி அடுப்பில் வாட்டி, ஒருவேளை சுடச்சுட, மறுவேளை ஆறிப்போனது.

அந்த மாடிப்படியில் பியானோவை ஏற்ற வழியில்லை. ஆகவே மொஸார்ட் இசையமைக்க வெளியே போயாகவேண்டும். லெ க்ரோ என்பவர் பாரிஸின் பெரிய கச்சேரி சபாவை நடத்துகிறவர். அவர் வீட்டில் வாத்தியம் இருந்தது. காலையில் போனால் ராத்திரிதான். அன்னா மரியாவுக்குப் பிரெஞ்சு சரளமாகப் பேச வராது. பகலெல்லாம் கைதி மாதிரி தனியே உட்கார்ந்திருக்கிறேன், இப்படியே போனால் பேசவே மறந்துவிடுவேன் என்று ஊருக்கு எழுதினார்.

சில வாரத்தில் வேறு வீடு மாறினார்கள். தெருவைப் பார்த்த அறைகள், வெளிச்சம் உண்டு. ஆனால் குளிர் விடவில்லை. பல்வலி, தொண்டைவலி, காதுவலி என்று மூன்று வாரம் படுத்தி எடுத்தது.

மகன் வெளியே என்ன செய்துகொண்டிருந்தார்? பிரபுக்கள் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்! ஷாபோ சீமாட்டியின் மாளிகைக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு போனார். கணப்பு இல்லாத பெரிய அறையில் அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். வந்த சீமாட்டி, அங்கே இருந்த லொடலொட பியானோவை வாசிக்கச் சொன்னார். விரல் விறைத்துவிட்டது, நெருப்பு இருக்கும் அறைக்காவது போகலாமா என்றார் மொஸார்ட். பலன் இல்லை. சீமாட்டி நண்பர்களோடு உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டார். ஜன்னலும் கதவும் திறந்து கிடக்க, மேஜைக்கும் நாற்காலிக்கும் சுவருக்கும் வாசித்தார் மொஸார்ட். பாதியில் வந்த சீமாட்டியின் கணவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார். அந்த ஒரு மனிதரால் குளிரும் தலைவலியும் மறந்துபோனது என்று எழுதுகிறார்.

கீன் பிரபு என்று இன்னொருவர். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பார், மகள் ஹார்ப் வாசிப்பாள். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார் மொஸார்ட். இருவரும் சேர்ந்து வாசிக்க ஒரு கான்சர்ட்டோவும் எழுதிக் கொடுத்தார். (இன்றைக்கும் கல்யாண வரவேற்புகளில்கூட வாசிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள், அவ்வளவு இனிமை!) பாடத்துக்குச் சம்பளம் வாங்கப் போனபோது பாதிதான் நீட்டினார்கள். கான்சர்ட்டோ கொடுத்து நாலு மாதமாகியும் காசு வரவில்லை. வெர்சாயில் ஆர்கன் வாசிக்கும் வேலை ஒன்று வந்தது. வருஷத்துக்கு 2,000 லிவ்ர், அதிலும் ஆறு மாதம் அங்கே இருந்தால் போதும். கணக்குப் பார்த்தால் அந்த இருட்டறை வாடகையைப்போல ஐந்தரை மடங்கு. மொஸார்ட் வேண்டாம் என்றார். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். அதனால்தான் நான் பத்தி எழுதுகிறேன், அவர் மொஸார்ட்.

வெயில் வந்தது. அம்மாளின் கடிதங்களும் கொஞ்சம் முகம் தெளிகின்றன. மகள் நானெர்லுக்காக பாரிஸ் ஃபேஷன் நிலவரத்தை விலாவாரியாக எழுதுகிறார். இங்கே பெண்கள் கொண்டையை உயர உயர எழுப்புகிறார்கள், அதன்மேல் அதைவிட உயரமாக ஒரு தொப்பி, சீமாட்டிகள் நிமிர்ந்து உட்காரமுடியாமல் கோச்சு வண்டிக் கூரையையே உயர்த்தவேண்டி வந்துவிட்டது! ஊர்ச் செய்தி கேட்கிறார். வீட்டு நாய் பிம்பெர்ல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

பேச்சுத் துணையும் கிடைத்தது. மன்ஹைமிலிருந்து ராஃப் என்ற பாடகர் பாரிஸ் வந்திருந்தார். 64 வயது. ஏறக்குறைய தினமும் வந்து இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தன்னைவிட ஏழு வயது சின்னவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவருக்காகவே வந்து மூன்று பாட்டுப் பாடிவிட்டுப் போனார். மேதையைப் பெற்றவளுக்கென்றே ஒருவர் பாடியது பாரிஸில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் ஹைனா என்ற நண்பரோடு லக்ஸம்பர்க் பூங்காவுக்குப் போனார், அரண்மனையில் ஓவியங்கள் பார்த்தார். திரும்பி வந்தபோது அசாத்தியக் களைப்பு.

ஜூன் 11-ம் தேதி கையைக் கீறி ரத்தம் எடுத்துக்கொண்டார். திடுக்கிடாதீர்கள். உடம்பு சுத்தமாகும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் வழக்கமாகச் செய்துகொண்டதுதான். மறந்துவிடாதே என்று ஊரிலிருந்து லியோபோல்டும் ஞாபகப்படுத்தியிருந்தார். மறுநாள் எழுதிய கடிதத்தில், நேற்று ரத்தம் எடுத்ததால் அதிகம் எழுத முடியவில்லை என்கிறார். அவர் எழுதியதில் அதுவே கடைசி.

ஜூன் 18. துய்லரி அரண்மனை மண்டபத்தில் மொஸார்ட்டின் புது சிம்பொனி. ஒத்திகை படுமோசம்; ஆனால் கச்சேரி ஜெயித்துவிட்டது. இந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று எண்ணி வைத்த இடத்தில் தட்டினார்கள். கடைசிப் பகுதியை வேண்டுமென்றே வயலினில் மட்டும் மெதுவாக ஆரம்பித்தார். 'உஷ்ஷ்' என்றது கூட்டம். எட்டு தாளக்கட்டு கழித்து மொத்த வாத்தியமும் முழங்க, கரகோஷம்! மொஸார்ட் சந்தோஷமாக பாலே ராயலுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொன்னார். வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அம்மா தலைவலி என்று படுத்தார்.

அடுத்த நாள் குளிர் நடுக்கம், ஜுரம். ஊரில் எந்த வியாதிக்கும் ஒரு கறுப்புப் பொடி கொடுப்பார்கள். கொண்டுவந்தது தீர்ந்துபோயிருந்தது. பாரிஸில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. பிரெஞ்சு டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார் அம்மா. அவரிடம் எங்கே வலிக்கிறது என்று எந்த மொழியில் சொல்வது? காது கேட்காமல் போனது. ஜூன் 24-ம் தேதிதான் ஒரு வயதான ஜெர்மன் டாக்டர் வந்தார். ரேவல்சின்னிப் பொடியை ஒயினில் கலந்து கொடுக்கச் சொன்னார். ஒயின் சூடாயிற்றே என்றார் மகன். இல்லை, தண்ணீர்தான் சூடு, ஒயின் தெம்பு என்றார்கள். அம்மாவோ தண்ணீர், தண்ணீர் என்று ஏங்கினார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் என்று பின்னால் அப்பாவுக்கு எழுதுகிறார் மகன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்த டாக்டர், ராத்திரி தாங்காது, பாவமன்னிப்புக்கு ஏற்பாடு செய்துகொள் என்றார். ஓடினார் மொஸார்ட். ஹைனாவைப் பிடித்து ஒரு ஜெர்மன் பாதிரியாரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பாரிஸில் அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய மனுஷர் கிரிம். அவர், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு தன் டாக்டரை அனுப்பினார். அது என்ன வியாதி என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. டைஃபஸாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஜூலை 3. சாயங்காலமே நினைவு தப்பிவிட்டது. மகன் கையைப் பிடித்து அழுத்தினார், பேசினார். பதில் இல்லை. அறையில் அவரும் ஹைனாவும் கவனித்துக்கொள்ள வந்த ஒரு தாதியும் மட்டும். இரவு 10 மணி 21 நிமிடத்துக்கு உயிர் பிரிந்தது.

இதற்குப் பிறகு மகன் செய்த காரியத்தைப் பற்றி இருநூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. அம்மா அந்த அறையிலேயே கிடக்க, அன்றிரவே அப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். என்ன எழுதினார்? அம்மாவுக்கு உடம்பு ரொம்ப சரியில்லை. கடவுள் விட்ட வழி. அப்புறம் சிம்பொனி, கைதட்டல், ஐஸ்கிரீம், வெர்சாய் வேலை. மே மாதக் கடைசியில் வால்டேர் செத்ததைப் பற்றிக்கூட ஒரு குத்தல். கல்நெஞ்சன் என்கிறார்கள் இதைப் படித்தவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே ராத்திரி சால்ஸ்பர்க்கில் குடும்ப நண்பரான புல்லிங்கர் பாதிரியாருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதம் இருக்கிறது. அம்மா போய்விட்டாள், என்னோடு சேர்ந்து அழுங்கள், அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அதற்குள் அவர் மனசைத் தயார் செய்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறது அது. பெட்டி கட்டத் தெரியாத பையன், ஒரே நாளில் இரண்டு கடிதத்தையும் தபாலில் சேர்க்கும் அளவுக்குப் பெரியவனாகிவிட்டான்.

மறுநாளே அடக்கம். சாங்-உஸ்தாஷ் தேவாலயத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். மகனும் ஹைனாவும். இன்று அந்தத் தேவாலயத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கல்லறை இல்லை. கையில் காசில்லாத மொஸார்ட்டுக்கு கிரிம் 15 லூயி பொற்காசு கடன் கொடுத்தார். ஒரு லூயிக்கு 24 லிவ்ர். பெருக்கிப் பாருங்கள். அந்த இருட்டறைக்குச் சரியாக ஒரு வருஷ வாடகை. பின்னால் இருவருக்கும் மனக்கசப்பு வந்தபோது அந்தக் கடனும் பேச்சில் வந்தது. செப்டம்பர் 26-ம் தேதி, வேலை எதுவும் இல்லாமல், மொஸார்ட் தனியே பாரிஸை விட்டுக் கிளம்பினார். மன்ஹைமிலிருந்து ஊர் திரும்பியிருந்தால் உன் அம்மா உயிரோடு இருந்திருப்பாள் என்று அப்பா எழுதியதையும் படித்துவிட்டுத்தான்.

இனி சால்ஸ்பர்க்குக்கு வாருங்கள். பாரிஸ் கடிதம் அங்கே போய்ச் சேர பத்து நாள் ஆகும்.

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள்; அன்னா மரியாவுக்குப் பெயர்த் திருநாள். வாழ்த்து தாமதமாகிவிடக் கூடாதே என்று லியோபோல்ட் 12-ம் தேதியே பேனாவை எடுத்தார். என் பிரிய மனைவிக்கு என்று ஆரம்பித்து, இன்னும் பல வருஷம் ஆரோக்கியமாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தினார். 13-ம் தேதி காலை மகனின் கடிதம் வந்தது. படித்தார். மகளும் அழுதாள். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர், மகனின் எழுத்தை வரிக்கு வரி அறிந்தவர். அவருக்குத் தெரிந்துவிட்டது. அதே தாளை எடுத்து, தன் பயத்தைக் கீழே எழுதினார். மதியம் விருந்தினர்கள் வந்தார்கள், போனார்கள். புல்லிங்கர் மட்டும் போகாமல் நின்றார். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அவள் போய்விட்டாள் என்றே நினைக்கிறேன் என்றார் லியோபோல்ட். ஆமாம் என்றார் புல்லிங்கர்.

லியோபோல்ட் திரும்பவும் அந்தத் தாளிடம் வந்தார். மேலே எழுதியதை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவள் எப்படிப் போனாள், எல்லாவற்றையும் எழுது என்று அடியில் மகனுக்குச் சேர்த்து, மடித்து, முத்திரை வைத்து, பாரிஸ் தபாலில் போட்டார். கிரிம் வீட்டு அறையில் மொஸார்ட் அதைப் பிரித்தபோது, முதலில் கண்ணில் பட்டது அம்மாவுக்கு வந்திருந்த வாழ்த்து.